ஏரிக்கரைக் குடிலில் ஏழு நாள்

பின்லாந்தின் கிழக்கிலே சாய்மா என்றொரு ஏரி இருக்கிறது. அதை ஒரு ஏரி என்று ஒருமையிற் சொல்வது சரிதானா என்று அங்கு போய் நின்றதும் ஐயம் வந்துவிடும். பரப்பளவு ஏறக்குறைய 4,400 சதுர கிலோமீற்றர். அதற்குள் தீவுகள் மட்டும் பதின்மூவாயிரத்துக்கு மேல். எந்தக் கரையில் நின்று பார்த்தாலும் எதிர்க்கரை கிட்டவே தெரிகிறது. வள்ளத்தில் ஏறி அங்கே போனால் அது கரையல்ல, ஒரு தீவு. அதற்கு அப்பாலும் தண்ணீர், அதற்கு அப்பாலும் தீவு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் அந்த நிலத்தை உழுதுவிட்டுப் போன சால்களில் தண்ணீர் நின்றதுதான் இந்த ஏரி.

2024 ஆம் ஆண்டு யூலை மாதத்தின் கடைசி வாரத்தை இந்த ஏரியின் கரையில் நாங்கள் மூவர் கழித்தோம். வேலை நிமித்தம் ஹெல்சிங்கிக்குப் போயிருந்த எங்களுக்கு ஒரு வாரம் ஓய்வு கிடைத்தது. கோடை காலத்தில் அந்த நாட்டுக்கு வந்தவர்கள் நகரத்தில் தங்கக் கூடாதாம். ஏரிக்கரைக் குடிலுக்குப் போக வேண்டுமாம். சொன்னவர்களே ஒரு குடிலையும் ஒழுங்கு செய்து தந்தார்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இரயிலில் போய், சவொன்லின்னா என்ற சிறு நகரத்தில் இறங்கி, பிறகு பஸ்ஸில் காட்டு வழியே போனோம்.

இந்த இதழில் உல்லாசப் பயணத்தைப் பற்றி எழுதுவதா என்று வாசகர்கள் கேட்கலாம். ஊர் விட்டு ஊர் வந்து இருப்பவர்களுக்கு விடுமுறைக் குடில் எதற்கு? போகும்போது எங்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அந்தக் குடில் யாருடையது, அதைக் கட்டியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று அறிந்த பின்னர்தான் எழுதுவது என்று தீர்மானித்தோம்.

பின்லாந்தில் ஏறக்குறைய 56 இலட்சம் மக்கள். அவர்களுக்கு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கோடைக் குடில்கள் இருக்கின்றன. "மொக்கி" என்பது அவர்கள் வைத்திருக்கும் பெயர். சொந்தக் குடில் இல்லாதவருக்கு மாமனுடையதோ அண்ணனுடையதோ இருக்கும். அதுவும் இல்லாதவர் வாடகைக்கு எடுப்பார். யூலை மாதத்தில் நகரங்கள் வெறிச்சோடிப் போகின்றன. வங்கியில் வேலை செய்பவரும் பஸ் ஓட்டுபவரும் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு விறகு கொத்துகிறார்கள். அதுதான் அவர்களுடைய ஓய்வு.

எங்களுக்குக் கிடைத்தது விடுமுறைக்கென்று கட்டிய குடில் அல்ல, ஒரு பழைய கமவீடு. பலகைச் சுவர், நடுவே செங்கற் புகைபோக்கி, மேலே கூரைக்குள் இரண்டு சிறிய படுக்கையறைகள். மின்சாரம் இருந்தது. குழாய்த் தண்ணீர் இல்லை. குடிக்கக் கிணறு, கழுவக் குளிக்க ஏரி. மலசலகூடம் வளவின் ஒதுக்குப்புறத்தில். அது தண்ணீர் ஊற்றாத உலர் கூடம். உள்ளே ஒரு வாளியில் மரத்தூளும் உலர்ந்த சதுப்புமண்ணும் கலந்து வைத்திருக்கிறார்கள். போய் வந்தவர் ஒரு சிரங்கை அள்ளிப் போட வேண்டும். மணம் இல்லை, இலையான் இல்லை. நாளடைவில் அது உரமாகிப் பழச்செடிகளுக்குப் போகிறது. ஏரிக்குள் அழுக்குத் தண்ணீர் ஒரு துளியும் இறங்கக் கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். முற்காலத்தில் பெண்கள் கரையிலேயே நின்று பாய்களையும் விரிப்புகளையும் தேய்த்துக் கழுவி அங்கேயே அலசுவார்களாம். இப்போது அதற்கென்று கரையை விட்டுத் தள்ளி மேடை போட்டு, கழுவுநீர் மண்ணுக்குள் சுவறும்படி செய்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரிக்கு வயது எழுபத்தாறு. வளவின் மறு மூலையில் ஒரு சிறிய வீட்டில் கோடை முழுவதும் இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் வராது, மகள்தான் மொழிபெயர்ப்பு. நாங்கள் வழக்கம்போல அவரை "அம்மா" என்று கூப்பிட்டோம். மகள் முதலில் திகைத்து, பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். அவர்களுடைய மொழியில் ஏறக்குறைய அதே ஒலியில் ஒரு சொல் உண்டு. மரியாதையில்லாமல் "கிழவி" என்பதாம்! எங்கள் சொல்லின் பொருளை விளக்கிய பின் அந்த அம்மாவும் சிரித்தார். ஏழு நாளும் அப்படியே கூப்பிட அனுமதியும் தந்தார்.

அங்கு செய்வதற்கு என்ன இருக்கிறது? முதல் வேலை சவுனா. கரையோரத்தில் சிறிய மரக்கொட்டில். உள்ளே ஓர் அடுப்பு, அதன் மேல் கருங்கற்கள், எதிரே படிப்படியாகப் பலகை வாங்குகள். பேர்ச் விறகை அடுக்கி இரண்டு மணித்தியாலம் எரித்தால் கல் சூடேறி, அறை எண்பது பாகை வரைக்கும் போகிறது. அகப்பையால் தண்ணீரைக் கல்லில் ஊற்ற, சீறிக்கொண்டு எழும் ஆவி உடம்பைச் சுற்றிப் பிடிக்கிறது. அந்த ஆவிக்கென்று "லொய்லு" என்று ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். இலையோடு கட்டிய பேர்ச் கொப்புகளால் முதுகிலும் தோளிலும் அடித்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாமற் போனதும் வெளியே ஓடி மரத்துறையிலிருந்து ஏரிக்குள் குதிக்க வேண்டும். வெப்ப நாட்டிலிருந்து போன எங்களுக்கு வியர்ப்பதற்காக விறகை எரிப்பது முதல் நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மாலை நாங்களே முந்திக்கொண்டு போய் அடுப்பை மூட்டினோம். முன்னாளில் பிள்ளைப்பேறு சவுனாவில்தான். வீட்டில் அதைவிடச் சுத்தமான இடம் இல்லை. இறந்தவரைக் கழுவிய இடமும் அதுவே. 2020 இல் யுனெஸ்கோ பின்லாந்தின் சவுனா வழக்கத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது.

இரண்டாவது வள்ளம். வளவுக்கு ஒரு துடுப்பு வள்ளம் உண்டு. ஏரி அலையில்லாதது என்று நம்பிவிடக் கூடாது. தீவுகளின் மறைவை விட்டு வெளியே வந்தால் காற்று பிடிக்கிறது. மிதவை அங்கியைப் போடாமல் வள்ளத்தில் ஏற அந்த அம்மா எங்களை விடவே இல்லை. தூண்டிலும் புழுவும் கொண்டு மீன் பிடிக்க யாரிடமும் அனுமதி வேண்டாம், கட்டணம் வேண்டாம். வலை போடுவதானால் நீருக்கு உரித்தானவரின் அனுமதியும் அரசாங்கத்துக்குக் கட்டணமும் வேண்டும். எங்கள் தூண்டிலில் அகப்பட்டவை ஐந்தாறு சிறிய வரிமீன்கள். ஏரியின் பேர்பெற்ற மீன் "முய்க்கு", விரல் நீள வெள்ளி மீன். றை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து, முள்ளோடு தலையோடு தின்பார்கள். சவொன்லின்னா துறைமுகச் சந்தையில் கடுதாசித் தட்டில் அள்ளித் தருகிறார்கள். மிளகாய்த் தூள் இல்லையே என்று எங்களில் ஒருவர் ஏங்கியதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

இந்த ஏரியில் கடல்நாய் உண்டு என்றால் நம்புவீர்களா? பனிக்காலம் முடிந்து நிலம் மேலெழுந்தபோது கடலோடு இருந்த தொடர்பு அறுந்து, உள்ளே அகப்பட்டுக்கொண்ட கடல்நாய்கள் நன்னீரில் வாழப் பழகிவிட்டன. உலகத்தில் வேறெங்கும் இந்த இனம் இல்லை. ஒரு காலத்தில் மீனைத் தின்கிறது என்று அதைக் கொல்பவருக்குச் சன்மானம் கொடுத்தார்கள். 1955 இல் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தும், வலைகளில் சிக்கி மூச்சுமுட்டிக் குட்டிகள் செத்தன. 1980களில் இருநூறுக்கும் கீழே போய்விட்டது. இப்போது அது வாழும் பகுதிகளில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் யூன் முடியும்வரை வலை போடத் தடை. குட்டி ஈனுவதற்குக் கரையோரப் பனிக்குவியலுக்குள் அது வளை தோண்டும். பனி குறைந்த ஆண்டுகளில் ஊரவர்கள் தொண்டாகப் போய், பனியை அள்ளிக் குவித்துக் கொடுக்கிறார்கள். தொகை ஏறக்குறைய ஐந்நூறுக்கு ஏறியிருக்கிறது. பார்க்க விரும்புபவர்கள் மே மாதத்தில் லின்னன்சாரித் தேசிய பூங்காப் பக்கம் போக வேண்டும். அப்போது மயிர் உதிர்க்கப் பாறைகளில் ஏறிப் படுத்திருக்கும். நாங்கள் யூலையில் போய்ப் பாறைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.

மூன்றாவது காடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் காணி, வேலி, எல்லை என்று வளர்ந்த எங்களுக்கு அங்கே மிகவும் புதுமையாக இருந்தது இதுதான். பின்லாந்தில் காடுகளில் பெரும்பகுதி தனியார் குடும்பங்களுக்குச் சொந்தம். ஆனாலும் எவரும் எவருடைய காட்டுக்குள்ளும் நடந்து போகலாம், பழம் பறிக்கலாம், காளான் பிடுங்கலாம், ஓரிரவு கூடாரம் அடித்துத் தூங்கலாம், ஏரியில் நீந்தலாம். காணிக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. "ஒவ்வொரு மனிதனின் உரிமை" என்பது அதன் பெயர். வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும். அதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது: ஒருவருடைய வீட்டு முற்றத்துக்குக் கிட்டப் போகக் கூடாது, நிற்கும் மரத்தில் கொப்பு முறிக்கக் கூடாது, பயிர் நிற்கும் வயலை மிதிக்கக் கூடாது, காணிக்காரர் அனுமதி இல்லாமல் நெருப்பு மூட்டவே கூடாது.

யூலைக் கடைசியில் நீலப் பழம் பழுக்கிறது. "முஸ்திக்கா" என்பார்கள். முழங்காலுக்குக் கீழே வளரும் சிறு செடி. காட்டின் தரை முழுவதும் அதுதான். காலையில் வாளியோடு போனால் மதியத்துக்குள் நிறைந்துவிடும். விரல், உதடு, பல் எல்லாம் ஊதாவாகிவிடும். செப்டெம்பரில் சிவப்புப் பழம், அதோடு காளான். காட்டுப் பழத்தைப் பறித்து விற்பவரின் வருமானத்துக்கு வரி கிடையாது. ஆனால் வணிகத்துக்காகப் பெருமளவில் பறிப்பது இப்போது ஊரவர் அல்ல. ஆண்டுதோறும் தாய்லாந்திலிருந்து, பெரும்பாலும் நெற்செய்கைக் குடும்பங்களிலிருந்து, ஆயிரக்கணக்கானவர்கள் பருவத்துக்கு அழைத்து வரப்பட்டார்கள். கடன்பட்டு வந்து கடனோடு திரும்பியவர்கள் உண்டு. அவர்களைச் சுரண்டியது பற்றிய வழக்குகள் நீதிமன்றம்வரை போயின. யாரும் பறிக்கலாம் என்ற நல்ல உரிமையின் நிழலில் இதுவும் நடந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

காட்டுக்குப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். நுளம்பு ஒரு காரணம், உண்ணி மற்றது. உண்ணி நோய் பரப்பும். மாலையில் உடம்பைத் தடவிப் பார்ப்பது அங்கே பழக்கம்.

பழம் பறித்துக்கொண்டு போகையில்தான் அந்தக் கற்குவியல்களைக் கண்டோம். நேர் நேராக நட்டாற்போல் நிற்கும் மரங்களுக்கு இடையே, பாசி படர்ந்து, ஆள் உயரத்துக்கு ஒன்று, அப்பால் இன்னொன்று. பழைய கல்லறையோ என்று நினைத்தோம். மாலையில் கேட்டபோது அந்த அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அது தன்னுடைய தகப்பனாரின் வயல் என்றார்.

1939 நவம்பர் 30 ஆம் திகதி சோவியத் ஒன்றியம் பின்லாந்தின் மீது படையெடுத்தது. நூற்றைந்து நாள் யுத்தத்தின் பின், 1940 மார்ச்சில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, கரேலியா என்ற கிழக்குப் பிரதேசத்தின் பெரும்பகுதியைப் பின்லாந்து இழந்தது. அங்கிருந்த நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஏறக்குறைய ஒருவர் பாக்கியில்லாமல் வெளியேறினார்கள். அன்றைய சனத்தொகையில் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். அவர்களில் பாதிப் பேர்வரை கமக்காரர். 1941 இல் போர் மறுபடி தொடங்கி அந்தப் பகுதி திரும்பக் கைக்கு வந்ததும், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊருக்குத் திரும்பிப் போய், எரிந்த வீடுகளைக் கட்டி, வயலை விதைத்தார்கள். 1944 இல் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று. இந்த முறை நிரந்தரமாக.

அந்த அம்மாவின் பெற்றோர் லடோகா ஏரிக்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். இரண்டாம் தடவை வெளியேறியபோது தாயார் இரண்டு பசுக்களை நடத்திக்கொண்டு நாட்கணக்காக நடந்து வந்தாராம். வந்த இடத்தில் ஒரு கமக்காரர் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அரசாங்கம் சொன்னதால் கொடுத்த அறை. மனம் விரும்பிக் கொடுத்ததல்ல. ஒரே நாடு, ஒரே மொழிதான். ஆனாலும் பேச்சின் இழுவை வேறு, சமையல் வேறு. பள்ளிக்கூடத்தில் கரேலியப் பிள்ளைகளை "ரஷ்யர்" என்று ஏசுவார்கள். அந்த அம்மா 1948 இல் பிறந்தவர். அவருக்கே அந்த ஏச்சு விழுந்ததாம்.

பின்லாந்து ஒரு காரியம் செய்தது. அகதிகளுக்கென்று முகாம்களை ஆண்டுக்கணக்காக வைத்திருக்காமல், 1945 மே மாதத்தில் காணி பெறுவதற்கென ஒரு சட்டம் போட்டது. இடம்பெயர்ந்த கமக்காரருக்கும், போரிலிருந்து திரும்பியவருக்கும், போரில் கணவனை இழந்தவருக்கும் காணி. அரச காணி, கம்பெனிக் காணி, திருச்சபைக் காணி போதாத இடத்தில் பெரிய கமக்காரரின் காணியிலும் ஒரு பங்கு எடுக்கப்பட்டது. எவ்வளவு பெரிய பண்ணையோ அவ்வளவு பெரிய பங்கு. ஒரே ஊர் மக்களை இயன்றவரை ஒரே பகுதியில் குடியேற்ற முயன்றார்கள். அயலவர் பழையபடி அயலவராக இருக்கட்டும் என்பது நோக்கம். காணி இலவசமல்ல, நீண்டகாலக் கடன். காணி கொடுத்தவர்களுக்கு அரசு முறிகள் கொடுக்கப்பட்டன. பணவீக்கம் ஏறியதில் கடன்பட்டவர் தப்பினார், முறி வாங்கியவர் நட்டப்பட்டார். இரு தரப்பும் இதை வெவ்வேறு விதமாகத்தான் இன்றும் கதைக்கிறார்கள்.

எல்லாருக்கும் விளைந்த வயல் கிடைக்கவில்லை. பலருக்குக் கிடைத்தது வெறும் காடும் சேறும். "குளிர்க் காணி" என்று அதற்குப் பெயர். அந்தக் குடும்பத்துக்கும் அதுதான். முதலில் கட்டியது வீடல்ல, சவுனா. நாங்கள் ஒவ்வொரு மாலையும் வியர்க்க உட்கார்ந்திருந்த அதே ஒற்றை அறையில் தாயும் தகப்பனும் மூன்று பிள்ளைகளும் இரண்டு மாரிகளைக் கழித்திருக்கிறார்கள். அந்த அம்மா பிறந்ததும் அதற்குள்ளேதான். பிறகு அயலவர்கள் கூடி வீட்டைக் கட்டினார்கள். கூலியில்லாமல் கூடிச் செய்யும் வேலையை அங்கே "தல்கோத்" என்கிறார்கள், நமது சிரமதானம். ஆணி கிடைக்காத காலம். பழைய ஆணிகளைப் பிடுங்கி, கல்லில் வைத்து நிமிர்த்திக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை. வீட்டு வரைபடத்தை அரசு தந்தது. அதனால் நாடு முழுவதும் அந்தக் காலத்து வீடுகள் ஒரே முகச்சாயலில் நிற்கின்றன. நடுவிலே புகைபோக்கி, மேலே கூரைக்குள் அறைகள்.

மரத்தை வெட்டி, அடிக்கட்டையைப் பெயர்த்து, பிறகு கல் பொறுக்கினார்கள். பனிப்பாறை விட்டுப்போன கல். ஒவ்வோர் உறைகாலத்துக்குப் பிறகும் நிலம் புதுக் கல்லை மேலே தள்ளும். வசந்தம் வந்தால் பிள்ளைகள் எல்லாரும் வயலில் கல் பொறுக்க வேண்டும். காட்டுக்குள் நாங்கள் கண்ட குவியல்கள் இருபது வருடக் கல். றை விதைத்தார்கள், ஓட்ஸ் விதைத்தார்கள், உருளைக்கிழங்கு வைத்தார்கள், ஆறு பசு வளர்த்தார்கள்.

அப்படியானால் வயலில் எப்படி மரம் வந்தது? 1960களின் முடிவில் நாட்டில் பாலும் தானியமும் மிகுந்துவிட்டன. 1969 இல் அரசு இன்னொரு சட்டம் கொண்டுவந்தது: வயலைத் தரிசாக விடுபவருக்குக் காசு. காடு வெட்டி வயலாக்குவதற்கு உதவித்தொகை கொடுத்த அரசு, கால் நூற்றாண்டுக்குள் அந்த வயலை விதைக்காமல் விடுவதற்கு உதவித்தொகை கொடுத்தது. சிறு கமம் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் தெற்கு நகரங்களுக்கும் சுவீடனுக்கும் போனார்கள். 1969, 1970 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய எண்பதாயிரம் பேர் சுவீடனுக்குப் போனார்கள். அந்த அம்மாவின் தமையன்மார் இருவரும் அதில் அடக்கம். தகப்பனார் பசுக்களை விற்று, வயலில் மரக்கன்று நட்டார். நட்ட ஆண்டு முழுவதும் அவர் அந்தப் பக்கம் பார்த்து உட்காரவே இல்லையாம். அவர் காலமான பின் வீடு பூட்டிக் கிடந்து, பிறகு கோடைக் குடிலாயிற்று. சாய்மாக் கரையில் வாடகைக்கு விடப்படும் குடில்களில் இப்படி வந்தவை கொஞ்சமல்ல.

அதைக் கேட்ட பின் எங்களுக்குக் குடில் வாழ்க்கை வேறுவிதமாகத் தெரிந்தது. விறகு கொத்துதல், கிணற்றில் அள்ளுதல், வள்ளம் வலித்தல், மீன் பிடித்தல், பழம் பறித்தல், சவுனா மூட்டுதல். நகரத்து மனிதர் காசு கொடுத்து ஒரு வாரம் செய்ய வரும் இத்தனையும் அந்தக் குடும்பம் வருடம் முழுவதும் செய்த வேலைகள்.

ஊர் சுற்றிப் பார்க்கவும் இடங்கள் உண்டு. சவொன்லின்னாவில் 1475 இல் கட்டத் தொடங்கிய ஒலவின்லின்னாக் கோட்டை ஏரிக்கு நடுவே பாறையில் நிற்கிறது. கோடையில் அதன் முற்றத்தில் இசைநாடக விழா; நுழைவுச்சீட்டின் விலையைப் பார்த்துவிட்டு நாங்கள் வெளியே பாலத்தில் நின்று, காற்றில் வந்த அளவுக்குக் கேட்டோம். புங்காஹர்யுவில் இரு பக்கமும் ஏரி, நடுவே ஏழு கிலோமீற்றர் நீளத்துக்கு ஒடுங்கிய மண்மேடு. பைன் மரங்களுக்குள்ளே நடந்து போகலாம். கெரிமாக்கியில் 1844 முதல் 1847 வரை கட்டிய மரத் தேவாலயம், மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கக் கூடியது. உலகிலேயே மிகப் பெரிய மரத் தேவாலயம் என்கிறார்கள். சென்ரிமீற்றரில் போட்ட கணக்கை மேசன்மார் அங்குலம் என்று நினைத்துக் கட்டியதால் இவ்வளவு பெரிதாயிற்று என்று ஒரு பகிடிக்கதை. உண்மையில் ஊரில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் கூட வேண்டும் என்றே அப்படிக் கட்டினார்களாம். மாரியில் அதைச் சூடாக்க வழியில்லை. குளிர்காலத்துக்கு வேறு சிறிய ஆலயம் வைத்திருக்கிறார்கள்.

நேரம் இருப்பவர்கள் ஹெய்னாவெசிக்குப் போய் வலமோ மடத்தைப் பார்க்க வேண்டும். லடோகா ஏரித் தீவொன்றில் நூற்றாண்டுகளாக இருந்த துறவியர் மடம் அது. 1940 மாரியில் துறவிகள் உறைந்த ஏரிக்கு மேலாகத் திருவுருவங்களையும் மணிகளையும் ஏற்றிக்கொண்டு வெளியேறி, அந்த ஆண்டே இங்கே ஒரு பழைய பண்ணையை வாங்கி அமர்ந்தார்கள். மாட்டுத் தொழுவமும் களஞ்சியமும் உள்ள கமமாகத்தான் அது தொடங்கிற்று. புதிய ஆலயம் 1977 இல் எழுந்தது. அருகிலேயே பெண் துறவியரின் லின்துலா மடம். அவர்களும் கரேலியாவிலிருந்து வந்தவர்கள். ஆலயங்களுக்கான மெழுகுதிரிகளை அவர்கள் வார்க்கிறார்கள்.

கடைசிக்கு முந்திய மாலை அந்த அம்மா எங்களை அடுக்களைக்குக் கூப்பிட்டார். கரேலியப் பலகாரம் செய்து காட்டுவதற்கு. றை மாவைக் கடுதாசிபோல் மெல்லிதாக உருட்டி, நடுவே பாலில் குழைய வேகவைத்த சோற்றை வைத்து, ஓரத்தை விரலால் சுருக்கிச் சுருக்கி மடித்துச் சூளையில் சுட்டெடுப்பது. நெல் விளையாத நாட்டில் சோறு வைத்த பலகாரம்! முன்பு வாற்கோதுமைக் களியும் கிழங்கும் வைத்தார்களாம்; அரிசி பின்னால் வந்தது. ஒரு காலத்தில் அயலவர் முகம் சுளித்த இந்தப் பலகாரம் இப்போது பின்லாந்தின் எல்லாக் கடைகளிலும் விற்கிறது. சுருக்குப் போடுவதில் எங்கள் கை தேறவில்லை. அவர் பிழையானவற்றை ஒதுக்காமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் சுட்டார்.

சோவியத் ஒன்றியம் கலையும் காலத்தில் எல்லை திறந்து, பழைய ஊரைப் பார்க்கப் பஸ் பஸ்ஸாகப் போனார்கள். அவரும் 1991 இல் தாயாரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வீடு இல்லை. அத்திவாரக் கற்களும் கிணறும் படலையடியில் நின்ற பூமரமும் இருந்தன. தாயார் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, துலா எந்தப் பக்கம் நின்றது என்று மட்டும் சொன்னாராம். அந்தப் பூமரத்தில் ஒரு வேர்க்கட்டையைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்து நட்டார்கள். இப்போது சவுனாவுக்குப் பக்கத்தில் கூரை உயரத்துக்கு நிற்கிறது. பின்னர் பல தடவை போய் வந்தார். 2023 இன் முடிவில் பின்லாந்து எல்லைக் கடவைகளை மூடிய பிறகு போகவில்லை. சாய்மாவின் தண்ணீர் வுவொக்சி என்ற ஆறாக எல்லை தாண்டி லடோகாவில்தான் போய்ச் சேர்கிறது என்று, நாங்கள் புறப்படும் நேரத்தில் ஏரியைக் காட்டிச் சொன்னார்.

குடிலை விட்டுப் போகும்போது செய்ய வேண்டியவை சுவரில் எழுதி ஒட்டியிருந்தன. விரிப்புகளை உதறி மடிக்க வேண்டும். வள்ளத்தைக் கரையில் இழுத்துக் கவிழ்க்க வேண்டும். எரித்த அளவு விறகைக் கொத்தி, அடுத்து வருபவர்களுக்காகச் சவுனா வாசலில் அடுக்கி வைக்க வேண்டும். நாங்கள் காலை ஆறு மணிக்கே எழும்பி விறகு கொத்தினோம்.